சாம்பார் வற்றினால் உப்புக் கரிக்கும்

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு சிற்றூரிலிருந்து வந்த கடிதம் இது. எழுதியவருக்கு வயது 48. அரசுப் பள்ளி ஒன்றில் சத்துணவு அமைப்பாளர். பெயரும் ஊரும் வெளியே தெரிய வேண்டாம் என்று இரண்டு இடத்தில் அடிக்கோடிட்டிருக்கிறார். ஆகவே அவற்றை விட்டுவிட்டு, நான்கு பக்கக் கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

பதினாறு வயதில்கூட அவருக்குப் பரு வந்ததில்லை. ஒன்றரை வருடமாகத் தாடையிலும் மோவாயிலும் கழுத்தின் மேற்பக்கத்திலும் கட்டி கட்டியாக வருகிறது. முனை தெரிவதில்லை, தொட்டால் வலிக்கிறது. ஒன்று அமுங்குவதற்கு மூன்று வாரம் ஆகிறது, போகும்போது கறுப்புத் தடம் ஒன்றை விட்டுவிட்டுப் போகிறது. மாதவிலக்கு இரண்டு வருடமாகத் தாறுமாறாக வந்துகொண்டிருந்தது. கடைசியாக வந்து ஐந்து மாதம் ஆகிறது. இரவில் திடீரென்று உடம்பு தகித்து, தலையணை நனையும் அளவுக்கு வியர்க்கிறது. ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டன் 40 சாப்பிடுகிறார். கால் மரத்துப்போகிறது என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ‘நரம்பு மாத்திரை’ ஒரு வருடமாக நடக்கிறது. இரண்டாவது பிரசவத்தோடு குடும்பக் கட்டுப்பாடு அறுவை செய்துகொண்டவர்.

இதுவரை செய்து பார்த்தவை ஒரு பக்கம் முழுக்க இருக்கின்றன. கஸ்தூரி மஞ்சள், எலுமிச்சைச் சாறு, பற்பசை, மகளுடைய முகம் கழுவும் ஜெல், மணல் மணலாக இருக்கும் ஸ்க்ரப். பக்கத்து வீட்டு அம்மா சொன்னாரென்று மருந்துக்கடையில் வாங்கிய ஒரு ட்யூப், ஏழு மாதமாக. மதுரைக்கு வரும்போதெல்லாம் சூடு தணிய ஒரு ஜிகர்தண்டா.

மகளுக்குத் தை மாதம் கல்யாணம். நிச்சயதார்த்தத்தன்று சம்பந்தி வீட்டார் முன்னிலையில், பெண்ணுக்கு வர வேண்டியது தாய்க்கு வந்திருக்கிறது என்று மதினி சொல்லிச் சிரித்தாராம். அன்று இரவுதான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்திருக்கிறார். கேள்விகள் நான்கு. இது உடம்புச் சூடா? வெளியேற வேண்டிய தீட்டு உள்ளேயே தங்கி முகத்துக்கு ஏறுகிறதா? கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்கிறார்களே, எடுத்துவிடலாமா? மதினி மகளுக்குப் பருவுக்காக ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்த ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை ஒன்றரை அட்டை மீதி இருக்கிறது, அதைச் சாப்பிடலாமா?

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். ‘இந்த வயதில் முகத்தைப் பற்றிக் கவலைப்படுகிறேன் என்று தப்பாக நினைக்காதீர்கள்’ என்று முடித்திருக்கிறீர்கள். முழங்கால் வலிக்கு யாரும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வைத்தியம் பார்க்க வருவதில்லை. முகப்பருவோடு என்னிடம் வருகிற உங்கள் வயதுப் பெண்களில் பலர் மகளைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். மகளுக்குத்தான் காட்ட வந்ததுபோல் உட்கார்ந்திருப்பார்கள். மருந்துச் சீட்டு எழுதி முடிக்கிற நேரத்தில் முந்தானையை மோவாயிலிருந்து மெல்ல விலக்கி, ‘எனக்கும் கொஞ்சம்’ என்பார்கள். உங்கள் மதினியைப் போன்றவர்கள் ஊருக்கு நான்கு பேர் இருப்பதால் வருகிற கூச்சம் அது. நீங்கள் நேராகவே எழுதிவிட்டீர்கள், நல்லது.

நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாதுதான். ஆனாலும் நீங்கள் எழுதியிருக்கும் விவரத்தை வைத்துப் பார்த்தால், உங்கள் முகத்தில் இருப்பது இரண்டு நோய். ஒன்றை வயது கொண்டுவந்தது, இன்னொன்றை அந்த ட்யூப் கொண்டுவந்தது. முதலாவதைவிட இரண்டாவதுதான் இப்போது அவசரம். இருந்தாலும் முதலாவதைப் புரிந்துகொண்டால்தான் மற்றதெல்லாம் விளங்கும்.

உப்புக் கூடவில்லை, தண்ணீர் வற்றியது

எண்பது பிள்ளைகளுக்கு சாம்பார் வைத்து அடுப்பிலேயே விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. யாரும் கூடுதலாக ஒரு கல் உப்புப் போட்டிருக்கமாட்டார்கள், ஆனாலும் கரிக்கும். தண்ணீர் வற்றிவிட்டது, உப்பு அப்படியே இருக்கிறது.

உடம்பிலும் இதுதான் நடக்கிறது. பெண் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண்தன்மைச் சுரப்பிநீர் மட்டும் சுரப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். ஆண்ட்ரோஜன் என்று நாங்கள் சொல்லும் ஆண்தன்மைச் சுரப்பிநீர்களும் எல்லாப் பெண்களுக்கும் சிறிதளவு உண்டு. சூலகத்திலிருந்தும், சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியிலிருந்தும் அவை வருகின்றன. மாதவிலக்கு நிற்கப் போகிற ஆண்டுகளில் ஈஸ்ட்ரோஜன் ஏறி இறங்கிக் கடைசியில் விழுந்துவிடும். ஆண்ட்ரோஜன் அந்த வேகத்தில் குறைவதில்லை. போதாக்குறைக்கு, அதைக் கட்டிப்பிடித்து வைத்திருக்கும் ஒரு புரதமும் ரத்தத்தில் குறைகிறது. விளைவாக, இருக்கிற ஆண்ட்ரோஜனின் கை ஓங்குகிறது. தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளை வேலை வாங்குவது அதுதான். தாடையிலும் மோவாயிலும் உள்ள சுரப்பிகள் அதற்குச் சீக்கிரம் செவிசாய்ப்பவை. அதனால்தான் பள்ளிப் பிள்ளைகளுக்கு நெற்றியிலும் மூக்கிலும் வருகிற பரு, உங்கள் வயதில் தாடையோரமாக வரிசை கட்டுகிறது. மோவாயில் இரண்டு மூன்று முரட்டு முடி முளைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அதுவும் இதே கணக்கில்தான் சேரும்.

சிறு வயதில் வராத ஒருவருக்கு நாற்பதைத் தாண்டி முதல்முறையாகப் பரு வருவது அபூர்வம் ஒன்றும் இல்லை. ரத்தப் பரிசோதனை எடுத்தால் ஆண்ட்ரோஜன் அளவு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ‘எல்லாம் நார்மல், பிறகு ஏன் வருகிறது?’ என்று குழம்ப வேண்டாம். அளவு கூடவில்லை, விகிதம் மாறியிருக்கிறது.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. அதே ஈஸ்ட்ரோஜன் குறைவு தோலை வறளவும் மெலியவும் வைக்கிறது. மாதவிலக்கு நின்ற முதல் 5 ஆண்டுகளில் தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதத்தில் ஏறத்தாழ 30 சதவீதம் போய்விடுகிறது. கன்னம் காய்ந்து இழுக்கும், தாடையில் பரு பழுக்கும். இரண்டும் ஒரே முகத்தில். எண்ணெய் வழிகிற பதினேழு வயது முகத்துக்காகச் செய்த ஜெல்லை இந்த முகத்தில் தினம் மூன்று வேளை போட்டால், எரிச்சல்தான் மிச்சம். ஸ்க்ரப்பைப் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம்.

இனி, சூடும் தீட்டும். ‘உடம்புச் சூடு’ என்பது நம் பேச்சில் ஊறிப்போனது. இரவில் உங்கள் உடம்பு தகிப்பதும் உண்மை. ஆனால் அந்தத் தகிப்பு பருவை உண்டாக்குவதில்லை. மூளையில் உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி ஈஸ்ட்ரோஜன் குறைந்ததால் தடுமாறுகிறது, அதனால் தகிப்பு. அதே ஈஸ்ட்ரோஜன் குறைவு எண்ணெய்ச் சுரப்பியைத் தூண்டிவிடுகிறது, அதனால் பரு. ஒரு தாய்க்குப் பிறந்த இரண்டு பிள்ளைகள். ஒன்று மற்றொன்றைப் பெறவில்லை. தீட்டு உள்ளே தங்குகிறது என்பதும் இல்லை. ஒவ்வொரு மாதமும் கர்ப்பப்பையின் உள்சவ்வு வளர்ந்து உதிர்வதுதான் மாதவிலக்கு. சூலகத்தின் தூண்டுதல் குறைந்து சவ்வு வளராவிட்டால், உதிர எதுவும் இருக்காது. சமைக்காத சோறு மிஞ்சுவதில்லை.

ஜிகர்தண்டா விஷயத்துக்கு வருகிறேன். நானும் மதுரைக்காரிதான், அதன் மேல் எனக்கும் பிரியம் உண்டு. ஆனால் தொண்டையில் ஜில்லென்று இறங்குவதைச் சூடு தணிவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சுண்டக் காய்ச்சிய பால், நன்னாரி சர்பத், சர்க்கரை, மேலே ஐஸ்கிரீம். ரத்தத்தில் சர்க்கரையை வேகமாக ஏற்றும் உணவு இன்சுலினை ஏற்றும், அது எண்ணெய்ச் சுரப்பியை மேலும் கிளறும். பாலுக்கும் பருவுக்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன, ஆனால் அவ்வளவு அழுத்தமாக இல்லை. மாதத்துக்கு ஒருமுறை மதுரைக்கு வந்து ஒன்று குடிப்பதால் கெட்டுப்போகாது. தினமும் நான்கு வேளை, இரண்டு கரண்டி சர்க்கரை போட்டுக் குடிக்கும் டீதான் கவனிக்க வேண்டியது. அதைக் கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். எனக்கு அதுதான் கண்ணில் பட்டது.

அந்த ட்யூப்

ட்யூபின் பெயரை நீங்கள் எழுதவில்லை. ஆனால் நடந்ததை எழுதியிருக்கிறீர்கள், அது போதும். முதல் வாரத்திலேயே பரு அமுங்கியது, முகம் பளிச்சென்று வெளுத்தது, ஊரில் கேட்டார்கள். இரண்டு மாதம் கழித்து ஒருநாள் போடாமல் விட்டால் முகம் சிவந்து எரிந்தது, பொடிப்பொடியாகப் பொரிந்தது. மறுபடி போட்டால் அடங்கியது. இப்போது வெயிலில் நின்றால் எரிகிறது, கன்னத்தில் மெல்லிய சிவப்பு நரம்பு தெரிகிறது, மேலுதட்டில் பூனைமுடி அடர்ந்திருக்கிறது. இது ஸ்டீராய்டு கலந்த க்ரீமைத் தவிர வேறாக இருக்க வாய்ப்புக் குறைவு.

என்னிடம் வருகிறவர்கள் கைப்பையிலிருந்து இதை எடுத்து மேசைமேல் வைப்பார்கள். பற்பசையைப் போல வாலிலிருந்து சுருட்டிச் சுருட்டி, கடைசிச் சொட்டு வரை பிதுக்கிய ட்யூப். அதன் மேல் பொடி எழுத்தில் பெட்டமெத்தசோன், மொமெட்டசோன், க்ளோபிடசால், ஃப்ளூசினலோன் என்ற ஸ்டீராய்டுகளில் ஒன்று இருக்கும். பல நேரம் கூடவே ஹைட்ரோகுயினோன், ட்ரெடினாயின் என்று இரண்டும் இருக்கும். டாக்டர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டும் என்ற எச்சரிக்கையும் அதே ட்யூபில்தான் அச்சாகியிருக்கும். சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டிய மருந்துகளின் பட்டியலுக்குள் ஸ்டீராய்டு க்ரீம்களை 2018இல் அரசு இறுக்கமாகக் கொண்டுவந்தது. அப்படியும் உங்களுக்கு அது கடையில் எளிதாகக் கிடைத்திருக்கிறது. இனி எந்தக் கடையில் எதை வாங்கினாலும் பில் கேளுங்கள். பில் போடத் தயங்குகிற மருந்து எது என்று அப்போதே தெரிந்துவிடும்.

ஸ்டீராய்டு கெட்ட மருந்து இல்லை. கரப்பானுக்கும் வேறு பல தோல் நோய்களுக்கும் நானே எழுதுகிறேன். சரியான இடத்தில், சரியான வீரியத்தில், சில நாட்களுக்கு. முகத்தின் தோல் மெல்லியது. அதில் மாதக்கணக்கில் பூசினால் தோல் இன்னும் மெலியும், நரம்பு தெரியும், முடி வளரும், பரு புதிதாகவே கிளம்பும். உங்கள் ஒன்றரை வருடப் பருவில் இந்த ஏழு மாதத்தில் வந்தவை எத்தனை வயதால் வந்தவை, எத்தனை ட்யூபால் வந்தவை என்று இப்போது பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. ட்யூபை விட்ட பிறகுதான் தெரியும்.

விடுவது எப்படி என்பதில்தான் கவனம். இன்று இரவே தூக்கி எறிந்தால், நாளை மறுநாள் முகம் கொதிக்கும். பயந்துபோய் இன்னொரு ட்யூப் வாங்குவீர்கள். பெரும்பாலோர் சிக்கிக்கொள்வது இந்தச் சுழலில்தான். இந்த வாரமே ஒரு தோல் மருத்துவரைப் பாருங்கள். அவர் வீரியம் குறைந்த க்ரீமுக்கு மாற்றிப் படிப்படியாக நிறுத்தலாம், அல்லது ஸ்டீராய்டு இல்லாத வேறொரு களிம்பைத் துணைக்குக் கொடுத்து ஒரேயடியாக நிறுத்தலாம். எப்படி நிறுத்தினாலும் முதல் சில வாரங்கள் முகம் முன்பைவிட மோசமாகத் தெரியும். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துப் பாதியில் விட்டுவிடாதீர்கள். முழுதாகத் தேறச் சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும்.

மதினி மகளின் மாத்திரை

இதற்கு என் பதில், தொடவே தொடாதீர்கள் என்பதுதான். மாத்திரை மோசமானது என்று சொல்லவில்லை. ஸ்பைரோனோலாக்டோன் ரத்த அழுத்தத்துக்கும் இதய நோய்க்கும் 60 ஆண்டுகளுக்கு மேலாக இருந்து வருகிற, நீர் பிரிக்கும் மாத்திரை. ஆண்ட்ரோஜனைத் தோலில் வேலை செய்யவிடாமல் தடுப்பதால் பெரியவர்களின் பருவுக்கும் கொடுக்கிறோம், 50 அல்லது 100 மில்லிகிராம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 410 பெண்களைக் கொண்டு நடந்த ஒரு பரிசோதனையின் முடிவு 2023இல் வெளியானது. 12 வாரத்தில் தெரிந்ததைவிட 24 வாரத்தில் பலன் தெளிவாகத் தெரிந்தது. தாடையோரப் பருவுக்கு நான் விரும்பி எழுதும் மருந்துகளில் அதுவும் ஒன்று.

உங்களுக்கு இடைஞ்சல் டெல்மிசார்டன். அது ரத்தத்தில் பொட்டாசியத்தைத் தக்கவைக்கும். ஸ்பைரோனோலாக்டோனும் அதையே செய்யும். இரண்டும் சேர்ந்தால், அதுவும் சிறுநீரகம் கொஞ்சம் சோர்ந்திருந்தால், பொட்டாசியம் சத்தமில்லாமல் ஏறி இதயத் துடிப்பையே குலைத்துவிடும். அதன் மேல் சூட்டுக்கு நல்லது என்று தினம் ஓர் இளநீரும் இரண்டு வாழைப்பழமும் சேர்ந்தால் கேட்க வேண்டாம். மதினி மகளுக்கு இருபத்துச் சொச்சம் வயது, வேறு மாத்திரை இல்லை. அவளுக்குப் பொருந்தியது உங்களுக்கு ஆபத்தாகலாம். ரத்த அழுத்த மாத்திரையை வேறு வகைக்கு மாற்றி, சிறுநீரகத்தையும் பொட்டாசியத்தையும் பார்த்துவிட்டு, உங்கள் பொதுமருத்துவரும் தோல் மருத்துவரும் கலந்து பேசிக் கொடுத்தால் அது வேறு கதை.

மிச்ச மாத்திரையை உங்கள் மகளுக்கும் கொடுத்துவிடாதீர்கள். கல்யாணம் ஆகப் போகிறவள். கர்ப்ப காலத்தில் அந்த மாத்திரை கூடாது. பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெடினாயின் என்ற மற்றொரு மாத்திரை, சிசுவுக்கு அதைவிடக் கொடிய பாதிப்பை ஏற்படுத்தும். முகூர்த்தத்துக்கு முன் முகம் பளபளக்க வேண்டும் என்று யாராவது சொல்லி இதைச் சாப்பிட்டால் பின்னால் அழ வேண்டிவரும்.

மாத்திரைப் பேச்சு வந்ததால் இன்னொன்று. அந்த ‘நரம்பு மாத்திரை’யின் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். மெத்தில்கோபாலமின் என்றிருந்தால் அது பி12. அதிக அளவு பி12 சிலருக்குப் பருவைக் கிளப்பும். கால் மரத்துப்போவதற்குச் சர்க்கரையும் காரணமாக இருக்கலாம். சர்க்கரையும் பி12 அளவும் பார்க்காமல் ஒரு வருடம் சாப்பிட்டிருக்கிறீர்கள். இரண்டையும் பார்த்துவிட்டுத் தொடர்வதா என்று முடிவு செய்யலாம்.

கர்ப்பப்பையை எடுப்பது பற்றி

பருவுக்காகக் கர்ப்பப்பையை எடுப்பது கூடவே கூடாது. கர்ப்பப்பை இந்தச் சுரப்பிநீர்கள் எதையும் சுரப்பதில்லை. அதை எடுத்தால் மாதவிலக்கு நிற்கும், பரு நிற்காது. கூடவே சூலகத்தையும் எடுத்தால், ஆண்டுக்கணக்கில் மெல்ல நடக்க வேண்டிய மாற்றம் ஒரே நாளில் நடக்கும். தகிப்பும் தூக்கமின்மையும் எலும்புத் தேய்வும் அடுத்தடுத்து வரும். ‘பிள்ளை பெற்றாயிற்று, இனி எதற்கு அது’ என்று நம் பக்கம் சர்வசாதாரணமாகச் சொல்கிறார்கள். கட்டியோ, அடங்காத ரத்தப்போக்கோ, புற்றுநோய்ச் சந்தேகமோ இருந்தால் எடுப்பதற்கு நியாயம் உண்டு. உங்களுக்கு அப்படி எதுவும் இருப்பதாகக் கடிதத்தில் இல்லை.

ஐந்து மாதம் வராததால் நின்றுவிட்டது என்றும் கணக்கில்லை. தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால்தான் மெனோபாஸ். நம் நாட்டுப் பெண்களுக்கு அது சராசரியாக 46, 47 வயதில் வருகிறது. ஆறாவது மாதம் உங்களுக்குத் திரும்ப வந்தால் பயப்பட வேண்டாம். ஆனால் 12 மாதம் முழுதாக நின்ற பிறகு ஒரு சொட்டுப் பட்டாலும் அன்றே பெண்கள் நல மருத்துவரிடம் போக வேண்டும். இரவுத் தகிப்பு தூக்கத்தைக் கெடுக்கிறது என்றால் அதற்கும் அவரிடம் வழி இருக்கிறது. ஹார்மோன் மாற்றுச் சிகிச்சை அதில் ஒன்று. பருவுக்கென்று மட்டும் அதைக் கொடுப்பதில்லை. அதில் சேர்க்கும் புரோஜெஸ்டின் என்ற சுரப்பிநீர் மருந்துகளில் சில வகைகள் பருவைக் கூட்டக்கூடியவை என்பதால், உங்களுக்குப் பரு இருப்பதை அவரிடம் சொல்லிவிடுங்கள். ரத்த அழுத்தம் இருப்பதையும்.

இனிச் செய்ய வேண்டியது

கல்யாணத்துக்கு ஐந்து மாதம் இருக்கிறது, அவகாசம் போதும். ஆனால் பரு மருந்து எதுவும் 8 முதல் 12 வாரத்துக்கு முன் முகத்தில் தெரிவதில்லை. ஆகவே மார்கழியில் நினைத்துக்கொண்டு ஓடி வந்தால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

முதல் ஒரு மாதம் பருவை மறந்துவிட்டுத் தோலைத் தேற்ற வேண்டும். காலையும் இரவும் மணமில்லாத, நுரை குறைந்த க்ளென்சரால் கழுவுங்கள். கழுவிய ஈரம் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர் பூசுங்கள். பரு உள்ள முகத்துக்கு மாய்ஸ்சரைசரா என்று தயங்காதீர்கள், உங்கள் தோல் அதைக் கெஞ்சிக் கேட்கிறது. பகலில் எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்க்ரீன், ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நீளத்துக்குப் பிதுக்கி, முகத்துக்கும் கழுத்துக்கும். நம் நிறத் தோலில் பரு போனாலும் கறுப்புத் தடம் மாதக்கணக்கில் நிற்கும். வெயில் பட்டால் அது இன்னும் கறுக்கும். அயர்ன் ஆக்ஸைடு கலந்து லேசாக நிறம் சேர்த்த சன்ஸ்க்ரீன் கிடைத்தால் தடத்துக்கு அதுவே மேல்.

எலுமிச்சையை இன்றோடு நிறுத்துங்கள். அந்தச் சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் கொப்பளித்துக் கறுக்கும். மஞ்சள் சிலருக்கு ஒவ்வாமையைத் தரும், தோல் தேறும்வரை அதுவும் வேண்டாம். பற்பசை பல்லுக்கு.

அடுப்படி வேலையை உங்களால் விட முடியாது என்பது தெரியும். சமையலர் இடம் காலியாக இருப்பதால் நீங்களே கரண்டி பிடிக்கிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். கொதிக்கும் அண்டாவின் ஆவி முகத்தில் அடிப்பது பருவை உண்டாக்காது, ஆனால் ஸ்டீராய்டில் வெந்துபோன முகத்தை இன்னும் சிவக்க வைக்கும். ஆவி பொங்கும்போது அது உங்கள் பக்கம் வரும்படி மூடியைத் திறக்காதீர்கள். வியர்வையை முந்தானையால் அழுத்தித் துடைக்கிற பழக்கம் எல்லாருக்கும் உண்டு; தாடையில் அந்த உரசலே புதுப் பருவுக்குப் போதும். மெல்லிய பருத்தித் துணி ஒன்றைத் தனியாக வைத்துக்கொண்டு ஒற்றி எடுங்கள். தலைக்கு எண்ணெய் வைத்தால் இரவில் அது கன்னத்துக்கும் கழுத்துக்கும் இறங்கும். குளிப்பதற்கு முன் வைத்து அலசிவிடுங்கள், தலையணை உறையை வாரம் இரண்டுமுறை மாற்றுங்கள்.

தோல் அமைதியான பிறகுதான் பருவுக்கு மருந்து. உங்களுக்கு நான் முதலில் நினைப்பது அஸெலாயிக் அமிலம், 15 அல்லது 20 சதவீத ஜெல். பருவையும் அடக்கும், கறுப்பையும் குறைக்கும், சிவந்த முகத்துக்கும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். தொடக்கத்தில் சுருசுருவென்று ஊறும், அவ்வளவுதான். அதற்கடுத்தது அடாபலீன் 0.1 சதவீதம். வாரத்துக்கு இரண்டு இரவு, முழு முகத்துக்கும் பட்டாணி அளவு, கீழேயும் மேலேயும் மாய்ஸ்சரைசர். பருவின் தலையில் மட்டும் பொட்டு வைப்பதுபோல் வைத்தால் பயன் குறைவு. அது வருகிற பருவைத் தடுக்கும் மருந்து. பென்சாயில் பெராக்ஸைடு கொடுத்தால் 2.5 சதவீதமே போதும். ஆனால் அது சாயத்தை வெளுக்கும். நல்ல சுங்குடிச் சேலையின் முந்தானையில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழுந்துவிட்டது என்று ஒரு பெண் என்னிடம் சண்டைக்கே வந்திருக்கிறார்.

கட்டிகள் வலியோடு தொடர்ந்தால் டாக்ஸிசைக்ளின் போன்ற மாத்திரை சில வாரங்களுக்குத் தரலாம். பொதுவாக மூன்று மாதத்துக்கு மேல் அதை நீட்டுவதில்லை. ஐசோட்ரெடினாயின் உங்களுக்குக் கடைசி வழி. அறுவை செய்துகொண்டதால் கர்ப்ப பயம் உங்களுக்குக் கிட்டத்தட்ட இல்லை. ஆனால் வறண்ட தோலை அது மேலும் வறட்டும், ரத்தக் கொழுப்பையும் பார்த்துக்கொண்டே கொடுக்க வேண்டும்.

அழகு நிலையத்தில் கல்யாணத் தொகுப்பு என்று ஃபேஷியல், ப்ளீச், பீல் எல்லாம் சேர்த்துச் சொல்வார்கள். மகளுக்கு வேண்டுமானால் செய்துகொள்ளட்டும். உங்கள் முகத்துக்கு இந்த வருடம் வேண்டாம். மோவாய் முடியைக் கட்டி இல்லாத இடத்தில் கத்தரித்துக்கொள்ளலாம். முகூர்த்தத்தன்று மேக்கப் போடத் தடையில்லை. நான்-காமெடோஜெனிக் (தோல் துளைகளை அடைக்காதது) என்று அச்சிட்டதாகப் பார்த்து வாங்கி, ஒரு வாரம் முன்பே காதோரம் பூசிப் பாருங்கள். இரவு எவ்வளவு அசந்திருந்தாலும் கழுவிவிட்டுப் படுங்கள்.

தள்ளிப்போடக் கூடாதவை

இரண்டு மூன்று முடி பொருட்டில்லை. ஆனால் சில மாதங்களுக்குள் மீசை தாடி போல் முடி அடர்வது, குரல் கட்டைக்குரலாவது, முன்னந்தலையில் ஆண்களைப் போல் முடி கொட்டுவது, பரு திடீரென்று முதுகிலும் மார்பிலும் பரவுவது, இவை சேர்ந்து வந்தால் சூலகத்திலோ அட்ரினலிலோ ஆண்ட்ரோஜனைச் சுரக்கும் கட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டெஸ்டோஸ்டிரோன், டிஹெச்இஏ-எஸ் என்ற இரண்டு ரத்தப் பரிசோதனைகளும் ஒரு ஸ்கேனும். இது அரிது, உங்களுக்கு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. முடிக்கு ட்யூபே காரணமாக இருக்கலாம் என்பதால், ட்யூபை விட்ட பிறகும் அடர்ந்துகொண்டே போகிறதா என்று மட்டும் கவனியுங்கள்.

தனியார் டாக்டரிடம் போகக் கட்டுபடியாகாது என்று எழுதியிருந்தீர்கள். உசிலம்பட்டியிலிருந்து பஸ் ஏறி மதுரை ஆரப்பாளையத்தில் இறங்கினால், ராஜாஜி அரசு மருத்துவமனை அங்கிருந்து தூரமில்லை. தோல் பிரிவு இருக்கிறது, புறநோயாளிச் சீட்டு காலையில் போடுவார்கள். கூட்டம் இருக்கும், ஆகவே முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். பள்ளிக்கு அரை நாள் விடுப்புப் போதாது, முழு நாளாக எடுங்கள். ரத்த அழுத்த மாத்திரை அட்டை, நரம்பு மாத்திரை அட்டை, அந்த ட்யூப், அதன் அட்டைப்பெட்டி இருந்தால் அதுவும், எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். ட்யூப் தீர்ந்துபோயிருந்தாலும் குப்பையில் போட்டுவிடாதீர்கள். சுருட்டிய வாலை விரித்தால் பெயர் தெரியும்.